பிரெஞ்சு பேச வேண்டுமா? சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு மொழி கற்பது பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு படிக்க நினைப்பவர்களுக்கு அதில் சொல்லியிருந்த யோசனைகள் எல்லாம் நாம் அறிந்தவைதான்: நல்ல பயிற்சி நிலையத்தில் சேருங்கள், தினமும் பத்துச் சொல் மனப்பாடம் செய்யுங்கள், படம் பாருங்கள். எதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை அத்தனையும் செய்து, இடைநிலைத் தேர்வான பி1-இலும் தேறிவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேச முடியாமல் தவிப்பவர்கள் நிறைய பேர். நானும் அப்படித் தவித்தவள்தான். எனக்கு வழி திறந்தது சைக்கிளால். அதை விவரமாக எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவள். 'பிரெவே' என்று அழைக்கப்படும் பயணங்கள் இருக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. யாரையும் முந்த வேண்டியதில்லை. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். உலகம் முழுக்க நடக்கும் இந்தப் பயணங்களுக்குத் தாய்வீடு பாரிஸ். 1904-இல் தொடங்கிய ஓதாக்ஸ் குளூப் பாரிசியேன் என்ற சங்கம்தான் இன்றைக்கும் இவற்றைப் பதிவு செய்து எண் கொடுக்கிறது. அதனால் பிரெஞ்சில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாத ஓட்டிகளும் 'பிரெவே', 'கோந்த்ரோல்' (முத்திரை வாங்கும் இடம்), 'ரான்தொன்னேர்' (நெடுந்தூர ஓட்டி) என்று பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். எனக்குப் பிரெஞ்சு ஆசை வந்ததும் அங்கிருந்துதான்.

வகுப்பில் அந்த ஆசைக்கு இடமில்லை. நான் போன பயிற்சி நிலையத்தில் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஓர் அடி நகர மாட்டார்கள். உணவகத்தில் மேசை பதிவு செய்தோம், ரயில் டிக்கெட் வாங்கினோம், இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஆசிரியை அன்பானவர், இலக்கணத்தைத் தெளிவாகச் சொல்லித் தந்தார். அந்த அடித்தளம் இல்லாமல் பிறகு எதுவும் நடந்திருக்காது. ஆனால் அந்த உரையாடல்கள் எதிலும் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமே இல்லை. கற்பனை ஹோட்டலில் அறை வாடகை என்ன என்று கேட்டால், எதிரில் இருப்பவர் என்ன தொகை சொன்னாலும் எனக்கு ஒன்றுதானே? மனதில் நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தால்தான் பதிலுக்குக் காது தானாகத் திறக்கிறது.

என் கேள்வி ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. பெடலை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் கீழிருந்து 'டக்' என்று ஓர் ஓசை. கையில் அகப்பட்ட போல்ட்டையெல்லாம் இறுக்கிப் பார்த்தும் போகவில்லை. இணையத்தில் பிரெஞ்சு பேசும் சைக்கிள்காரர்கள் கூடும் ஓர் இடத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில வரிகள் எழுதிக் கேட்டேன். பிரான்ஸின் மேற்கே பிரித்தானி பகுதியில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒருவர் பதிலுக்குக் கேள்விகளாக அனுப்பினார். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை வருகிறதா, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை வருகிறதா? உட்கார்ந்து மிதிக்கும்போதா, எழுந்து நின்று மிதிக்கும்போதா? ஒரு காலை எடுத்துவிட்டு மற்றக் காலால் மட்டும் மிதித்தால் வருகிறதா? மழையில் ஓட்டிய பிறகு கூடுகிறதா? சத்தமே எப்படிப்பட்டது: சுள்ளி முறிவது போலவா, கிறீச்சிடுகிறதா, சாவிக்கொத்து குலுங்குவது போலவா? மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது: கிராக்மான், கிரேன்ஸ்மான், கிளிக்தி.

ஒவ்வொரு கேள்விக்கும் வெளியே போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதினேன். நின்று மிதித்தாலும் வருகிறது, அப்படியானால் சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் பழுது இல்லை. இடது காலால் மட்டும் மிதித்தால் வரவில்லை. சரி, வலது பெடலைக் கழற்று, மரையைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் தடவி மாட்டு என்றார். இடது பெடலையும் கழற்றுவதாக இருந்தால் அதன் மரை எதிர்த் திசையில் திரும்பும், பலம் போட்டு இறுக்கிவிடாதே என்றும் எச்சரித்தார். சத்தம் நின்றது. கூடவே இன்னொன்றும் நடந்தது. 'இப்படிச் செய்தால் அப்படி ஆகும்' என்ற வாக்கிய அமைப்பை வகுப்பில் அட்டவணை போட்டுப் படித்தும் எனக்கு நிற்கவே இல்லை. இந்தப் பேச்சுக்குப் பிறகு அது என்னை விட்டுப் போகவில்லை. பழுது பார்ப்பது என்பதே 'இதைச் செய்தால் என்ன ஆகிறது' என்று மாற்றி மாற்றிக் கேட்பதுதானே. அந்த இலக்கணத்துக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

பொருள் நமக்குத் தெரிந்ததாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பத்தில் நாலு சொல் புரியாவிட்டாலும் வாக்கியம் எங்கே போகிறது என்று ஊகிக்க முடியும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவருக்கு, டயரைக் கழற்றிய பிறகு அடுத்த வரியில் டியூப்தான் வரும் என்று அகராதி சொல்லத் தேவையில்லை. அப்படிச் சந்தர்ப்பத்திலிருந்து பிடித்த சொல் மறப்பதில்லை.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குழுக்களுக்குள் போய் 'எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். அவர்கள் சைக்கிளுக்காகக் கூடியவர்கள். சம்பளமில்லாத வாத்தியார்கள் இல்லை. சைக்கிள் கேள்வியோடு போங்கள். கிடைத்த யோசனையைச் செய்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று திரும்ப வந்து சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் எங்கேயும் அதிகம். முடிவைச் சொல்ல வருகிறவருக்கு அங்கே தனி மரியாதை. முடிவைச் சொல்வது என்றால் நடந்ததை இறந்த காலத்தில் வரிசையாக எழுத வேண்டும். பிரெஞ்சு மாணவர்களுக்குப் பெரிய தலைவலியான பகுதியும் அதுதான். கடைசியில், 'நான் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் யாராவது ஒருவர் அன்பாகத் திருத்துவார்.

அந்தப் பிரித்தானிக்காரர் முதல் பதிலிலேயே என்னை 'தூ' என்று அழைத்தார், நம் 'நீ'. என் அப்பா வயதுக்காரர். நான் 'வூ' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே சாலையில் ஓட்டுகிறவர்களுக்குள் 'வூ' எதற்கு என்று கேட்டார். பிரெஞ்சு சைக்கிள் சங்கங்களில் வயது, பதவி பாராமல் 'தூ' போடுவது சகஜம். அதே மனிதர் நகராட்சிக்கு எழுதும் கடிதத்தில் 'வூ'வைத் தவிர வேறு எதையும் போட மாட்டார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதால் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் திணறும் இடத்தில் நாம் சுலபமாகக் கடந்துவிடலாம். எந்த இடத்தில் எது என்பதை மட்டும் பழக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, காதுக்கு. ஜூலை மாதம் வரும் டூர் டி பிரான்ஸை விடச் சிறந்த கேட்புப் பயிற்சியை நான் இதுவரை கண்டதில்லை. 1903-இல் லோத்தோ என்ற விளையாட்டு நாளிதழ், விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய, பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயம் அது. பத்திரிகைக்காரர்கள் பெற்ற பிள்ளை என்பதாலோ என்னவோ, அதைச் சுற்றிப் பேச்சும் எழுத்தும் குறைவதே இல்லை. பிரான்ஸ் தொலைக்காட்சியின் நேரலை வெளிநாடுகளில் பெரும்பாலும் திறக்காது. பரவாயில்லை. வானொலிச் செய்திகள், பேட்டிகள், சுருக்கக் காணொளிகள் கிடைக்கின்றன. பந்தயத்தின் அதிகாரபூர்வத் தளம் ஒவ்வொரு நாளும் நடப்பதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் எழுதுகிறது. முதலில் பிரெஞ்சை முழுக்கப் படித்துவிட்டு, சந்தேகம் தீர்க்க மட்டும் ஆங்கிலத்துக்குப் போகலாம். வரிசையை மாற்றிவிட்டால் பயன் போய்விடும்.

பிரெஞ்சில் எண்கள் எவ்வளவு தொல்லை என்று படித்தவர்களுக்குத் தெரியும். எழுபது என்பது 'அறுபது-பத்து', எண்பது 'நான்கு-இருபது', தொண்ணூற்றேழு 'நான்கு-இருபது-பத்து-ஏழு'. தாளில் பார்த்தால் புரியும், காதில் விழும்போது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். பந்தய வர்ணனையில் இந்த எண்கள் ஓயாமல் வருகின்றன: எல்லைக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர், முன்னால் தப்பிப் போன கூட்டத்துக்கும் பின்னால் வரும் பெரிய கூட்டத்துக்கும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி இடைவெளி. திரையின் மூலையில் எண் தெரிகிறது, வர்ணனையாளர் வாயாலும் வருகிறது. காது பிடித்தது சரியா என்று கண் உடனே சொல்லிவிடும். மத்தியானத்தில் நூற்றைம்பதுக்கு மேல் இருந்த தூரம் சாயங்காலத்துக்குள் பூஜ்யத்துக்கு இறங்குவதால் நடுவில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை காதில் விழுந்துவிடுகின்றன. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து வர்ணனை கிடைத்தால் அங்கே எழுபதுக்கு 'செப்தாந்த்', தொண்ணூறுக்கு 'நொனாந்த்' என்று நேரடியாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் காதுக்குப் பழக வேண்டியதுதான்.

மலை ஏறும் நாளைத்தான் எல்லாரும் பார்க்கச் சொல்வார்கள். மொழி படிக்கிறவர் சமவெளி நாளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மலையில் வர்ணனையாளர்கள் கத்துகிறார்கள். பாதி வாக்கியம் கூச்சலில் போய்விடும். சமவெளி நாளில் மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது. ஹெலிகாப்டர் ஒரு கோட்டையைக் காட்டும், அதை யார் கட்டினார்கள் என்று நிதானமாகச் சொல்வார்கள். பிறகு ஓர் ஆறு, ஒரு தேவாலயம், அந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டி. காற்று பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் குரல் மாறும், ஏனென்றால் அப்போதுதான் கூட்டம் துண்டு துண்டாக உடையும். நல்ல உச்சரிப்பு, முழு வாக்கியம், அவசரமில்லாத பேச்சு. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு வகுப்பு கிடைக்காது.

பந்தயம் முடிந்ததும் வரும் பேட்டிகள் நேர் எதிர். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார்கள். 2022-இலிருந்து நடக்கும் பெண்கள் டூரை 2025-இல் பொலின் ஃபெரான்-பிரேவோ வென்றார். மாதலேன் மலையில் அவர் தனியாகப் பிரிந்து போன அந்த எட்டாம் நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவரைப் போன்றவர்களின் பேட்டிகளில் வகுப்புப் பிரெஞ்சைத் தேடினால் கிடைக்காது. எதிர்மறை வாக்கியத்தில் 'நெ' காணாமல் போயிருக்கும். 'நாங்கள்' என்பதற்கு 'நூ' வராது, 'ஓன்' வரும். 'தெரியவில்லை' என்பது நான்கு சொல்லிலிருந்து ஒன்றரைச் சொல்லாகச் சுருங்கியிருக்கும். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று வாழும் நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. தமிழ்ப் பாடப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர் நம் பேச்சைக் கேட்டு முழிப்பதைப் போலத்தான் நாமும் அங்கே முழிக்கிறோம். ஆகவே பேட்டியை ஒரு நிமிடம் மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதிப் பாருங்கள்.

ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் வேகம் அதிகம். அவர்கள் ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியில் தொடங்கலாம். எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. சைக்கிள் பாகங்களின் பெயருக்கு, 2008-இல் மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் தொகுத்து வைத்துப் போன ஆங்கில-பிரெஞ்சுச் சொல்லகராதி இணையத்தில் இருக்கிறது. பழுது பார்ப்பதற்கு விக்லூ என்ற இணையக் கையேடு. பிரான்ஸில் ஊருக்கு ஊர் இருக்கும் கூட்டுப் பட்டறைகளில், நம் சைக்கிளை நாமே ரிப்பேர் செய்யக் கருவியும் ஆலோசனையும் தருவார்கள். அந்தப் பட்டறைகளின் கூட்டமைப்பான லெரோ சிக்லாஜ் நடத்தும் கையேடு இது. சின்னச் சின்ன வாக்கியம், படத்தோடு. படித்துக்கொண்டே கையால் செய்யுங்கள். பிரேக் கம்பியை மாற்றி முடித்து பிரேக் பிடித்தது என்றால் நீங்கள் புரிந்துகொண்டது சரி. அதைவிட நேர்மையான பரீட்சை எது?

வழித்தடக் குறிப்புகளும் அப்படித்தான். லுவார் நதியை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. ஓர்லேயான், புளுவா, தூர், சோமூர், நாந்த் வழியாகக் கடல் வரை. அதற்கான பிரெஞ்சு வழிகாட்டியைத் திறந்து, பக்கத்தில் வரைபடத்தை வைத்து, விரலால் பின்தொடர்ந்து போங்கள். கரை ஓரமாகப் போய், பாலத்தைத் தாண்டி, தேவாலயத்துக்கு எதிரில் திரும்பி, தெரு முடியும் வரை. 'ஓரமாக', 'எதிரில்', 'வரை', 'வழியாக' போன்ற சின்னச் சொற்கள்தான் பிரெஞ்சில் கடைசி வரை ஆட்டம் காட்டும். அவற்றை வரைபடத்தில் விரலால் படித்தால் இடம் சார்ந்து மனதில் உட்காரும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதே வழியை வாய்விட்டு ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள்.

படிக்கும் பழக்கத்துக்கு நான் நம்பிக்கையோடு சொல்வது நூறு கணவாய்ச் சங்கம், பிரெஞ்சில் குளூப் தே சான் கோல். வெவ்வேறு நூறு மலைக் கணவாய்களைச் சைக்கிளில் ஏறியிருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது ஐந்து 2000 மீட்டரைத் தாண்டியவையாக இருக்க வேண்டும். அதுதான் சேருவதற்குத் தகுதி. ஏறினோமா இல்லையா என்பதை உறுப்பினர் சொல்வதை வைத்தே நம்புகிறார்கள். ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் இதழில் எழுதுகிறவர்கள் தபால்காரர், ஆசிரியர், பொறியாளர் போன்ற சாதாரண ஆட்கள். பனியில் வழி தப்பியது, கணவாய் உச்சியில் பலகை இல்லாமல் தேடியது, ஆட்டு மந்தைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். இலக்கியப் பாசாங்கு இல்லாத, ஆனால் அக்கறையோடு எழுதிய உரைநடை. பி1 முடித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு எனக்குத் தெரியாது.

கொஞ்சம் முன்னேறியவர்கள் பழைய நாளிதழ்களுக்குப் போகலாம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் மின்னூலகமான கலிக்காவில் லோத்தோவின் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1913 டூரில் பயோன்னிலிருந்து லூஷோன் போகும் நாளைத் தேடிப் பாருங்கள். தூர்மலே மலையின் இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃப் என்ற ஓட்டியின் சைக்கிளில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. வெளியார் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை அடிவாரத்துச் சேன்த்-மரி-த-கான்பான் கிராமம் வரை நடந்தார். அங்கே ஒரு கொல்லுப்பட்டறையில், பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்துத் தானே ஃபோர்க்கைச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் கைகொடுத்தான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். வெற்றி போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1919-இல், டூரில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் பனியனை முதன்முதலில் அணிந்தவர் அவர்தான்; அந்த ஆண்டும் ஃபோர்க் உடைந்து வெற்றி கைநழுவியது. இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது, பிரெஞ்சில் படிக்கிறேன் என்ற நினைவே இல்லை. கதையில் மட்டும் வரும் பழைய இறந்த கால வினைகளை, வகுப்பில் 'இதெல்லாம் இப்போது யாரும் பேசுவதில்லை' என்று தள்ளிவிட்ட வடிவங்களை, அன்றைக்கு நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். கிறிஸ்தோஃப் அடுத்து என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இதெல்லாம் பொழுதுபோக்கு, தேர்வுக்கு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடித நடையைப் பந்தய வர்ணனை சொல்லித் தராது. அதற்கு வகுப்பும் பயிற்சித் தாளும் வேண்டும். ஆனால் பி1-க்கு அடுத்த நிலையான தெல்ஃப் பி2 தேர்வு கேட்பது ஒரு கருத்தை எடுத்து, காரணம் காட்டி, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லி நிலைநிறுத்தும் திறமையை. பிரான்ஸில் சைக்கிளைச் சுற்றி நடக்கும் சண்டைகள் அதற்கென்றே செய்தது போல இருக்கும். 2017 மார்ச்சிலிருந்து 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்கு இல்லை. எல்லாருக்கும் கட்டாயமாக்கலாமா? சைக்கிள் பயனாளர் கூட்டமைப்பே கூடாது என்கிறது. கட்டாயப்படுத்தினால் ஓட்டுகிறவர்கள் குறைவார்கள் என்பது அவர்கள் வாதம். பாரிஸில் ரிவோலி தெருவை 2020-இல் பெரும்பகுதி சைக்கிளுக்கு விட்டதை வரவேற்றவர்களும் உண்டு, வியாபாரம் போகிறது என்று கொதித்தவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, நமக்கு ஒப்பாத பக்கத்துக்காக வாதாடி எழுதிப் பார்த்தால் தேர்வு அறையில் கை நடுங்காது.

இன்னொரு விஷயம், இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கைபேசியில் தானாக மொழிபெயர்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். அது திறந்திருக்கும் வரை கண் பிரெஞ்சைத் தொடவே தொடாது. சொல் புரியாவிட்டால் சொல்லைத் தேடுங்கள், பத்தியை மொழிபெயர்க்காதீர்கள்.

அந்தப் பிரித்தானிக்காரரோடு இப்போது வாராவாரம் பேசுகிறேன். அவர் பாரிஸ்-பிரெஸ்த்-பாரிஸ் பயணத்தில் தொண்டராக நின்றவர். 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை நடக்கிறது. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அடுத்தது 2027-இல். நான் எந்தச் சொல்லைத் தவறாக உச்சரித்தாலும் நிறுத்தித் திருத்துவார், ஆனால் கதையை வெட்ட மாட்டார். இரவு இரண்டு மணிக்குக் கிராமத்து ஆட்கள் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தண்ணீரும் வைத்துக் காத்திருப்பதை அவர்தான் சொன்னார். ஃபூஜேருக்கும் வில்லேன்-லா-ஜூவெலுக்கும் நடுவில் லா தன்னியேர் என்ற இடத்தில் ஒரு குடும்பம் பல தடவையாகப் பயணிகளுக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கிறது. காசு வாங்குவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டால் போதும் என்கிறார்கள். அந்த அட்டையை நான் எழுதும் நாளில் அது பிரெஞ்சில் இருக்க வேண்டும், யாரும் திருத்தித் தராமல் நானே எழுதியதாக இருக்க வேண்டும். நான் படிப்பது அதற்குத்தான்.

எல்லாரும் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தையல் தெரிந்தவருக்குத் தையல், சதுரங்கம் ஆடுகிறவருக்குச் சதுரங்கம். ஆனால் பயிற்சி நிலையங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வகுப்பிலாவது புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு மாணவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் அந்த மொழியில் பேசவும், மற்றவர்கள் கேள்வி கேட்கவும் இடம் கொடுங்கள். ஆசிரியருக்கு அந்தத் துறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, அவர் நிஜமாகவே கேள்வி கேட்பார். கல்விப் பக்கத்தில் இப்படிப் படித்தவர்களின் அனுபவங்களையும் வரவழைத்து வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் ஒரு வாசகி